ஊட்டாமல் விட்ட குட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

சாம்பவியின் நமஸ்காரம். படியேறும்போது முழங்கால் இன்னும் பிடிக்கிறதா? திருவண்ணாமலையில் மழை விட்டதா? இங்கே ஜெர்மனியில் பனி. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

படிப்புக்கு நடுவே டீட்டர் வீட்டுப் பாம்பறையில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். மலைகளில் அழிந்துவரும் ஒரு விரியன் இனத்தை அவர் உரிமம் வாங்கி வளர்த்துப் பெருக்குகிறார். இந்த வருஷம் ஏழு குட்டிகள். ஒன்று மட்டும் தானாகத் தின்னாமல் மெலிந்துகொண்டே வந்தது. அதற்கு நான்தான் எலித்துண்டை இடுக்கியால் ஊட்டி வந்தேன்.

தீபத்தன்று அம்மா போனில், "குருக்கள் வீட்டுப் பொண்ணுடி நீ. இன்னிக்கு ஒரு நாளாவது அந்தச் செத்த எலியைத் தொடாதே. ஒரு வேளை தின்னலைன்னா பாம்பு செத்தா போயிடும்?" என்றாள். சிரித்தேன். ஆனால் எனக்கும் அன்று கை கூசியது. தொடவில்லை. பதிவேட்டில் மட்டும் ஊட்டியதாக எழுதிவிட்டேன்.

மறுநாள் குட்டி செத்துக் கிடந்தது.

ஊட்டியும் செத்ததால் தாய்வழி வந்த ஏதோ நோய் என்று டீட்டர் நினைக்கிறார். தாயை இனி இணை சேர்க்கப்போவதில்லை என்கிறார். நாளைக் காலை அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். வேலை போகலாம். கவலைப்படாதீர்கள், வேறு கிடைக்கும்.

நாரத்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். பேசும்போது கோயில் மணி அடித்தால் உடனே போனை வைத்துவிட வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. குட்டி தின்கிறதா என்று அம்மா கேட்பாள். தின்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

சாம்பவி