சட்டைப் பையில் ஒரு அட்டை மாத்திரை

2025 ஏப்ரல் 9, புதன்

கரையிலிருந்து வந்த எங்க வீட்டு மனுஷன் செருப்பைக் கழற்ற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பாதம் வீங்கி, வார் பதிந்து கிடக்கிறது. "உப்புத் தண்ணியில நின்னது புள்ள, வேற ஒண்ணுமில்ல" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து உப்புத் தண்ணியில்தான் நிற்கிறார். இப்போதுதான் வீங்க வேண்டுமா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். வரமாட்டேன் என்றால் நங்கூரக் கயிற்றில் கட்டியாவது.

ஏப்ரல் 11

ராமநாதபுரம் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்து, முடிவும் வாங்கியாகிவிட்டது.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்றார் இவர். நானும் தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை, எங்களுக்கு அப்படித்தான் தெரியும். அந்தம்மா விடவில்லை. "உடம்பு வலிக்கு?"

"அது மாத்திரையில சேராதே தாயி. போட்டுல குடுக்கிறதுதானே அது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். இவர் விளக்கமாகச் சொல்கிறார் — கடலுக்குக் கிளம்பும்போது விசைப்படகில் ஐஸ், டீசல், அரிசியோடு அதையும் ஏற்றுவார்களாம். வலையை இழுப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒன்று, இழுத்த பிறகு ஒன்று. வலி வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்னாலேயே! போட்டு டிரைவர் என்பதால் எல்லார் கையிலும் வைப்பதே இவர்தான்.

கிட்னி அடி வாங்கியிருக்கிறது. இப்போதே அந்த வலி மாத்திரையை நிறுத்தினால் தேற வழி உண்டு, இல்லையென்றால் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மிஷினில் படுக்க வேண்டிவரும் என்றார் டாக்டரம்மா. பிரஷர் மாத்திரையை மட்டும் விடக்கூடாது. கருவாடு, ஊறுகாய் கூடாது, உப்பு பாதி. "இயற்கைதானேன்னு இளநியும் கீரையும் இஷ்டத்துக்குக் குடுத்துராதீங்க. என்னைக் கேட்டுட்டுக் குடுங்க." எவ்வளவு பொறுமையாகச் சொன்னது அந்தப் பிள்ளை! நல்லா இருக்கட்டும்.

பஸ் பாம்பன் பாலம் ஏறும்போது இவர் ஜன்னல் வழியே கீழே நின்ற போட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "பயலுக கையில நாந்தானே வச்சேன்" என்றார். தன் கிட்னியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 15

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. இனி ஜூன் பாதி வரைக்கும் போட்டெல்லாம் கரையில்தான். தங்கச்சிமடத்தில் இந்த நாளெல்லாம் வீட்டுக்கு வீடு கருவாட்டுச் சோறு. நானும் ஒரு பானை நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையையும் அள்ளிப் பக்கத்து வீட்டு ஹமீதா பானுவிடம் கொடுத்துவிட்டேன். "சீலாக் கருவாடுமா?" என்று கேட்டுக்கொண்டு இவர் என் பின்னாலேயே வந்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ஏப்ரல் 20

பாஸ்கா, ஈஸ்டர் திருநாள். குழம்பில் உப்புக் குறைவு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லித்தான் பார்க்கட்டுமே.

ஏப்ரல் 24

தோள்பட்டை வலி. துண்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாத்திரை கேட்பார், நாம் என்ன சொல்வது என்று எனக்கு அதே யோசனையாக இருந்தது. கேட்கவில்லை.

ஹமீதா பானு எங்கள் இரண்டு கொல்லைக்கும் நடுவில் நிற்கும் நொச்சியை ஒடித்துக்கொண்டு வந்தாள். "வதக்கித் துணியில கட்டி ஒத்தடம் குடுங்கக்கா. அல்லாஹ் லேசாக்கிருவான்." கொடுத்தேன். முதலில் சூடு சூடு என்று கத்தினார். அப்புறம் கத்தவில்லை. அப்புறம் குறட்டை! வலி முழுசாய்ப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூங்கினாரே. வேலியோரம் சும்மா நிற்கிற செடி. இத்தனை வருஷம் அதில் துணிதான் காயப்போட்டிருக்கிறேன்.

மே 6

துவைக்க எடுத்த சட்டையில் ஒரு அட்டை மாத்திரை. அந்த வலி மாத்திரைதான்.

எனக்கு வந்ததே கோபம். வாய்க்கு வந்ததெல்லாம் பேசிவிட்டேன். நான் அடுப்படியில் வெந்து சாகிறேன், நீங்க களவாண்டு திங்கிறீங்களா, மிஷின்ல படுத்தா நான் யாரப் போய்க் கேக்க — தெருவுக்கே கேட்டிருக்கும். நான் ஓய்ந்த பிறகு, "எண்ணிப் பாரு புள்ள" என்றார்.

எண்ணினேன். பத்தும் அப்படியே இருந்தது.

"பையில இருக்குன்னு தெரிஞ்சாத்தான் வேணாம்னு இருக்க முடியுது. இல்லைன்னா அதே நெனப்பா இருக்கு."

இது என்ன கணக்கோ. ஆனால் பொய் சொல்கிற முகம் இல்லை. அட்டையைத் திரும்பப் பையிலேயே வைத்துக் கொடுத்தேன். தூக்கி எறிந்திருக்க வேண்டுமோ? தெரியவில்லை.

மே 19

தடைக்காலத்திலும் போகிற சின்ன வள்ளத்துக்காரர்கள் சாளை மீன் கொண்டுவந்தார்கள். புளியைக் குறைத்து, மாங்காயும் சின்ன வெங்காயமும் நிறையப் போட்டு, உப்பைக் கிள்ளிப் போட்டு வைத்தேன். தட்டை வழித்துவிட்டு, "மீனுக்குன்னு ஒரு ருசி இருக்குல்ல? இத்தனை நாளா உப்பத்தான் தின்னுருக்கோம்" என்கிறார். ஏப்ரலில் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த ஆள்தானா இது!

பாதம் வற்றிவிட்டது. நரம்பு தெரிகிறது. செருப்பு தானாய்க் கழல்கிறது. நான் குனிந்து பார்ப்பதைப் பார்த்து, "காலுல என்ன விழுந்து கும்பிடப் போறியா?" என்று கேலி வேறு. கும்பிட்டாலும் தப்பில்லை.

ஜூன் 11

கிட்னிக்குப் பார்க்கிற கிரியேட்டினின் நன்றாக இறங்கியிருக்கிறது! டாக்டரம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பிரஷர் மாத்திரை தொடர வேண்டும், சாப்பாடு இதே மாதிரி, மூன்று மாதத்தில் திரும்ப ரத்தம் பார்க்க வேண்டும். கடலுக்குப் போகலாம். "ஆனா அந்த மாத்திரை ஒண்ணுகூடக் கூடாதுய்யா. போட்டுல முடியுமா?"

பார்ப்போம் தாயி என்றார் இவர். முடியும் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

ஜூன் 13

அந்தோணியார் திருநாள். மெழுகுவர்த்தி ஏற்றினேன். என்ன கேட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

ஜூன் 16

போட்டு கிளம்பிவிட்டது. சுக்கும் மல்லியும் இடித்து ஒரு டப்பா, நொச்சி இலை ஒரு பை கொடுத்தனுப்பினேன். சட்டைப் பையில் அந்த அட்டை இருந்தது. பார்த்தேன். தொடவில்லை.

சோறு இறங்கவில்லை இன்று.

ஜூன் 17

விடிந்ததும் வந்துவிட்டார்கள். முதலில் வந்தது இவர் இல்லை, அய்யப்பன். திருப்புல்லாணிக்காரன், இவரோடுதான் வலை இழுக்கிறான். வாசலில் நின்றே கத்துகிறான்: "மதினி, அண்ணன் செஞ்ச வேலையப் பாத்தீகளா? வலை இழுக்கப்போறம்னு வழக்கம்போலக் கைய நீட்டுனா, அத்தனை பேர் கையிலயும் சுக்குத் தண்ணிய வச்சுட்டாரு. மாத்திரை ஏத்தவே இல்லையாம். அண்ணன வாய்க்கு வந்தபடி வஞ்சுக்கிட்டே குடிச்சோம். அந்த நொச்சி மீதி இருக்கா? தோளு கழண்டு போச்சு."

இருந்ததை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

இவர் குளித்து வந்து உட்கார்ந்தார். நான் கேட்கவில்லை. அவரே அட்டையை எடுத்து என் மடியில் போட்டார். எண்ணினேன். ஒன்பது.

திரும்ப எண்ணினேன், ஒன்பதுதான்.

"ரெண்டாவது இழுப்புல உசுரு போற வலி. பிரிச்சு நாக்குல வச்சுட்டேன். ஒன் மூஞ்சி வந்து நின்னுச்சு. கடல்ல துப்பிட்டேன்."

"என் மூஞ்சி அம்புட்டுக் கசப்பாவா இருக்கு?" என்றேன். சிரித்தார். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

"அத நீயே தூரப் போட்டுரு புள்ள. இனிமே பையில வேணாம்" என்றார். பிறகு தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, குழம்பு எங்கே என்று கேட்டார்.