புதுக் காரின் பின் ஆசனம்

786

வெள்ளவத்தை,
12-8-1938

சிங்கப்பூரில் இருக்கும் என் அருமை மகள் கைருன்னிஸாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், உன் வாப்பா, உன் உடன்பிறந்த ஸாலிஹ் நாநா, அவன் மனைவி ஹமீமா மதினி எல்லாரும் சுகம், நீயும் மருமகன் மஷூரும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆச் செய்கிறேன். எல்லாரும் சுகம் என்பதை இந்த முறை நான் பழக்கத்தில் எழுதவில்லை மகள், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். ஏன் என்று சொல்கிறேன், கடிதம் நீளும், அடுப்பில் எதையும் வைத்துவிட்டு வாசிக்க உட்காராதே.

வாப்பா புதுக் கார் வாங்கியதை முன்பே எழுதியிருந்தேன். கறுப்புக் கார், நாலு கதவு, வாப்பா அதன் கண்ணாடியில் தொப்பியைச் சரிபார்க்காமல் பள்ளிக்குப் போவதில்லை. அந்தக் காருக்குத் திரை தைத்தது நான். பக்கக் கண்ணாடிகளுக்கும் பின் கண்ணாடிக்கும் கரும்பச்சையில் தடித்த துணி, முன் ஆசனத்துக்கும் பின் ஆசனத்துக்கும் நடுவே ஒரு பெரிய திரை. வாப்பாவும் ட்ரைவர் சின்னராசாவும் திரைக்கு முன்னால், நாங்கள் பெண்கள் பின்னால். காற்றில் பறந்து மானத்தை வாங்காதபடி நாலு பக்கமும் வளையம் போட்டு இழுத்துக் கட்டினேன், இவ்வளவு திருத்தமான திரை வெள்ளவத்தையில் வேறு எந்தக் காரிலும் இல்லை என்று எனக்குள்ளே பெருமைதான். ஹமீமாவுக்கு ஏழு மாதம் அல்லவா, வியாழன்தோறும் கொட்டாஞ்சேனையில் அவளுடைய தாய் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லேடி டொக்டரிடம் அந்தக் காரில்தான் கூட்டிப்போய் வந்தோம். முதல் நாளே அவள், மாமி, தல இடிக்குது, காருக்குள்ள என்னமோ மணம் ஈக்குது என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, புதுக் கார் அப்படித்தான் மணக்கும் புள்ள, நீ வாந்தி எடுக்கிறதுக்குக் காரைக் குத்தம் சொல்லாத என்றேன். இரண்டு பெற்றவள் அல்லவா நான், எல்லாம் தெரிந்தவள். எனக்கும் தலை வலித்தது, அது மூக்குக் கண்ணாடியால் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் உன் நாநாவிடம் சொல்லி, நாநா வாப்பாவிடம் சொல்லி, வாப்பா காரை வாங்கிய கம்பெனிக்கே கொண்டுபோனார். அவர்களுடைய ஆட்கள் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடி எல்லாம் இறக்கி, காலிமுகத்திடலைச் சுற்றி மூன்று தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மோட்டாரில் போய்ப் பழக்கமில்லாத பெண்களுக்கு மயக்கம் வருவது சகஜம், அந்தத் திரைகளைக் கழற்றிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று மனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். திரையைப் பற்றிச் சொன்னதற்குத்தான் வாப்பாவுக்குக் கோபம், காரைப் பற்றிச் சொன்னதை நம்பிவிட்டார். நானும் நம்பினேன். ஹமீமா அதற்குப் பிறகு ஒன்றும் கதைக்கவில்லை, ஒவ்வொரு வியாழனும் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு ஏறினாள், எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது, அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

போன மாதம் மூன்றாம் வியாழன் திரும்பி வரும்போது நல்ல மழை, கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்தது. கொள்ளுப்பிட்டியில் தெருவை அடைத்துக்கொண்டு ஏதோ வண்டிகள், நெடுநேரம் எஞ்சின் ஓடியபடியே நின்றோம். ஹமீமா என் தோளில் சாய்ந்தாள், தூங்குகிறாள் என்று விட்டுவிட்டேன். பம்பலப்பிட்டி தாண்டும்போது என் கையிலிருந்த தஸ்பீஹ் மணி நழுவி மடியில் விழுந்தது. எடுக்கப் பார்க்கிறேன், கை வரவில்லை மகள். என் கைதான், என் மடிதான், விரல் என் சொல் கேட்கவில்லை. அப்போதுதான் ஹமீமாவின் முகத்தைப் பார்த்தேன், கூப்பிட்டேன், அவள் பேசவில்லை. எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, நடுத்திரையைப் பிடித்து இழுத்த இழுப்பில் வளையம் எல்லாம் தெறித்தது. வாப்பா திரும்பிப் பார்த்து, என்ன குல்தூம் என்றார், அவருக்கு ஒரு மயக்கமும் இல்லை, திரைக்கு முன்னால் காற்று நன்றாகத்தான் இருந்தது. காலிக்குப் போகும் பெருவீதி நடுவில், மழையில், தலையில் முக்காடு இருந்ததோ இல்லையோ தெரியாது, கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்துப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தாள். ஆனால் வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்றாள். வீட்டுக்கு வந்தும் அசையவில்லை, மருத்துவிச்சி வந்து வயிற்றில் காது வைத்தாள், இடம் மாற்றி மாற்றி மறுபடியும் வைத்தாள், அஸர் தொழுகையில் என்ன ஓதினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிகிற நேரம் ஹமீமா என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். உதைத்தது. அல்ஹம்துலில்லாஹ், அந்த ஓர் உதைக்கு நான் ஆயுள் முழுக்க நன்றி சொன்னாலும் போதாது.

மறுநாள் வாப்பா கம்பெனிக்குப் போனால், மனேஜர் பழைய கையெழுத்தை எடுத்துக் காட்டி, காரில் குறை இல்லை என்று முடிவாகிவிட்டது, இனி வேண்டுமானால் எழுத்தில் தாருங்கள், சீமைக்கு எழுதிக் கேட்கிறோம் என்றாராம். உன் வாப்பா வாசலில் நின்று கைத்தடியால் நிலத்தைத் தட்டினாராம், அதற்கு மேல் அவருக்குக் கோபப்படத் தெரியாதே. சின்னராசாதான், மருதானையில் பழனிமுத்து என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார், ஒருதரம் காட்டுவம் ஐயா என்று சொல்லிக் கூட்டிப்போனான். பழனிமுத்து எஞ்சினைத் திறக்கவே இல்லையாம். முதலில் கேட்டது, மயக்கம் வந்தப்போ அம்மாமாரு எங்கே ஒக்காந்திருந்தாங்க மொதலாளி என்றுதான். இத்தனை பேரில் அதைக் கேட்டவர் அந்த மனிதர் ஒருவர். திரையை எல்லாம் பழையபடி கட்டச்சொல்லி, கண்ணாடியை ஏற்றி, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு தானே பின் ஆசனத்தில் ஏறி, பொரளைக்குப் போய் வரச் சொன்னாராம். திரும்பி வந்து இறங்கியவர் சாக்கடைக் கானோரம் குந்தி வாந்தி எடுத்தாராம். பிறகு அடியில் படுத்துப் பார்த்தால், பின் ஆசனத்துக்குக் கீழே புகைக்குழாயின் ஒரு மூட்டு சரியாகப் பொருந்தாமலே வந்திருக்கிறது, அதற்கு மேலே பலகையில் ஓர் இடுக்கு. புகை அதால் ஏறியிருக்கிறது, அதை முன்னால் போகவிடாமல் பின்னாலேயே பிடித்து வைத்தது என் திரை, நான் பெருமைப்பட்டு இழுத்துக் கட்டிய திரை. பழனிமுத்து அதில் கை வைக்கவில்லை. நான் தொட்டேன்னா ஓட்டையே நான் போட்டதுன்னு சொல்லிருவாங்க என்று சோக்குக் கட்டியால் வட்டம் போட்டு மட்டும் விட்டாராம்.

அப்படியே வாப்பா கம்பெனிக்குக் கொண்டுபோய், மனேஜரைப் பின் ஆசனத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறார். அவர் மாட்டேன் என்றார். நீங்க குறை இல்லை என்டு கையெழுத்து வச்ச கார்தானே, எங்கட பொம்பளைகள் இருந்த எடத்துல கால் மணித்தியாலம் இருங்க, நானும் பக்கத்துல இருக்கிறேன் என்றாராம் உன் வாப்பா. மற்ற ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் ஏறாமல் என்ன செய்வார். கார் காலிமுகத்திடலை எட்டும்போதே மனேஜர் திரையை விலக்கி, டையைத் தளர்த்தி, தண்ணீர் கேட்டாராம். இரண்டே நாளில் குழாயும் பலகையும் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை, வாடிக்கையாளர் விருப்பப்படி சிறு திருத்தம் செய்யப்பட்டது என்று ஓர் இங்கிலீசுக் கடிதம் வந்தது. வாப்பா அதை வாசித்துவிட்டு அரை நாள் தனியே சிரித்துக்கொண்டிருந்தார். நேற்று ஹமீமாவை டொக்டர் பார்த்தார், பிள்ளையின் இருதயம் நன்றாக அடிக்கிறது என்றார். நான் வட்டிலப்பம் செய்து பழனிமுத்து வீட்டுக்கு அனுப்பினேன், குழந்தை பிறந்தால் அவருக்குத்தான் முதலில் ஆள் அனுப்ப வேண்டும் என்று ஹமீமா சொல்கிறாள். புதுத் திரை மெல்லிய துணியில் தைத்துவிட்டேன், கண்ணாடி இனி எந்நாளும் நாலு விரல் இறங்கியே இருக்கும், நனைந்தால் நனையட்டும்.

ஹமீமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள், போங்க மாமி என்று அழுதாள். அன்றைக்குத்தான் உன் கடிதக் கட்டை எடுத்து வைத்து எல்லாவற்றையும் திரும்ப வாசித்தேன். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நீ எழுதிய கடிதம் ஞாபகமிருக்கிறதா மகள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, இங்கே மாமி அது வெறும் நினைப்பு என்கிறார் என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் எழுதிய பதிலும் எனக்கு ஞாபகம் வந்தது. ஊர் பழகினால் சரியாகும், ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று எழுதினேன். அதற்குப் பிறகு நீ நாலு கடிதம் போட்டிருக்கிறாய், நாலிலும் எண்ணிப் பார்த்தேன், மூச்சைப் பற்றி ஒரு சொல் இல்லை, எல்லாரும் சுகம் என்று மட்டும் இருக்கிறது. உனக்குச் சுகமாகிவிட்டதா, அல்லது ஹமீமாவைப்போல நீயும் முந்தானையைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டாயா. கம்பெனி மனேஜரை நான் எவ்வளவு ஏசினேன் தெரியுமா, என் பிள்ளைக்கு நான் எழுதிய பதில் அவர் சொன்னதைவிட எந்த வகையில் நல்லது. உன்னைப் பெற்றவள் உன்னை நம்பவில்லை, அதுதான் நெஞ்சு சுடுகிறது. இப்போது நம்புகிறேன் மகள், நீ சொன்ன அத்தனையையும் நம்புகிறேன். மருமகனுக்குத் தனியாக ஒரு தாள் இதனுள் வைத்திருக்கிறேன், அவர் நல்லவர், உன்னை நல்ல டொக்டரிடம் இந்தக் கிழமையே கூட்டிப்போவார், யார் என்ன சொன்னாலும் போ, உம்மா சொன்னேன் என்று சொல்.

ரஜப் மாதம் பிறக்க இன்னும் இரண்டு கிழமை, உன் பேரில் நோன்பு நேர்ந்திருக்கிறேன். வாப்பாவும் நாநாவும் சலாம் சொல்கிறார்கள், ஹமீமா உனக்கு இரண்டு முத்தம் எழுதச் சொன்னாள். அல்லாஹ் உன் நெஞ்சுக்குச் சுகத்தையும் வீட்டுக்கு பரகத்தையும் தந்து, கண்குளிர உன்னைக் காண எனக்கு ஆயுளையும் தரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, பதில் எழுதும்போது எல்லாரும் சுகம் என்று தொடங்காதே, உன் மூச்சு எப்படி இருக்கிறது என்று முதல் வரியில் எழுது.

உன்னை நம்பும் உம்மா,
உம்மு குல்தூம் ஹமீட்