வெயிலில் நின்ற ரோஸ்

செவ்வாய், இரவு

இல்லை, ஒரு நிறம் வெளுக்குமா வெளுக்காதா என்று, அது எங்கிருந்து வந்தது என்பதை வைத்துச் சொல்லவே முடியாது. இன்று கண்ணால் பார்த்துவிட்டேன்.

பாரிஸிலிருந்து சித்தி அனுப்பிய வாட்டர்கலர் பெட்டி ஒன்று, இங்கே கடையில் நான் வாங்கியது ஒன்று. இரண்டின் நிறங்களையும் தாளில் தீட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, ஒரு மாதமாக மொட்டைமாடி வெயிலில் வைத்திருந்தேன்.

"என்னாடி, கருவாடா காயவெக்கிற? பிரான்சுலேர்ந்து வந்தது வெளுக்குமா?" என்று அம்மா தினமும் கேலி செய்தாள்.

வெளுத்திருந்தது. சித்தி பெட்டியின் நீலமும் பச்சையும் அசையவில்லை. எனக்கு மிகப் பிடித்த ரோஸ் மட்டும் வெயில் பட்ட பாதியில் அநேகமாக இல்லை. கடைப் பெட்டியின் எடுப்பில்லாத ரோஸ் அப்படியே நின்றது. கத்திவிட்டேன்.

"பரீட்ச பாஸான மாதிரி குதிக்கிறியே!"

பாஸ்தான் அம்மா. நஸ்ரீன் அக்கா தன் மூலக்குளத்துப் புது வீட்டுக் கூடத்துச் சுவருக்குக் காகிதப்பூ ஓவியம் கேட்டிருக்கிறார். என் முதல் விற்பனை. அந்தச் சுவரில் மாலை வெயில் நேராக விழும். சித்தியின் ரோஸில் வரைந்தால் அடுத்த வருஷம் இலைகள் மட்டும்தான் மிஞ்சும்.

சித்தியிடம் இதை எப்படி...

சித்தி பெட்டியிலிருந்து அந்த ரோஸ் வில்லையை நெம்பி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கடை ரோஸைப் பொருத்தினேன். காகிதப்பூ வரையத் தாளை நனைத்துப் பலகையில் ஒட்டினேன்.