எடுக்காத ஏழு அழைப்புகள்

மார்ச் 3, செவ்வாய்

பாட்டில் கம்பெனியை வாங்கப்போகிறார்களாம். பங்குக்கு 340 தருவதாக அறிவிப்பு. சந்தையில் 322. நடுவில் பதினெட்டு. பங்கு வாங்கி விற்கும் எங்கள் அலுவலகத்தின் பிழைப்பே இந்தப் பதினெட்டில்தான். இன்று 322-க்கு வாங்குவது, கெடு முடிவதற்குள் பங்கை அவர்களிடம் ஒப்படைப்பது, 340 பெற்றுக்கொள்வது. பேரம் முறிந்தால் 230-க்கு விழும். அதனால்தான் இடைவெளி. ஊரார் சந்தேகத்தின் அளவு அது.

சார் காலையிலேயே வாங்கச் சொல்லிவிட்டார். பக்கத்து மேஜைக்காரனை எல்லோரும் குண்டூசி என்போம், குத்தாமல் பேச மாட்டான். "உங்க அக்கா அங்கதானே வேலை பாக்கறாங்க? உனக்கென்னப்பா, வீட்டுலயே செய்தி வாசிப்பு."

சிரித்துவைத்தேன். அவனுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 4, புதன்

நானே போய்ச் சொல்லிவிட்டேன், அலுவலகத்தில் யாரும் விதி மீறாமல் பார்த்துக்கொள்ளும் விதிமுறை அதிகாரி அம்மாவிடம். அக்காவுக்கு அங்கே பாட்டில்களில் விரிசல் பார்க்கும் வேலை. பதினோரு வருடமாக. எழுதிக்கொண்டார்.

"கம்பெனி உள்விஷயம் எதுவும் அவங்ககிட்ட கேக்காதீங்க. அவங்க சொன்னாலும் காதுல வாங்காதீங்க. மத்தபடி அக்கா தம்பி, நல்லா பேசுங்க."

கையெழுத்துப் போட்டேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். எல்லோரையும் அப்படித்தான் பார்ப்பாரா?

அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: கம்பெனி பற்றி எதுவும் சொல்லாதே, எழுதாதே, என் வேலை போய்விடும்.

"சரிடா" என்று பதில். வேறொன்றுமில்லை. கோபமா?

மார்ச் 9, திங்கள்

அலுவலகத் தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. என் சொந்தக் கைபேசியும்? முடியாது.

முடியுமா?

மார்ச் 12, வியாழன்

இருநூற்றுப் பத்துப் பக்க அறிவிப்பை மூன்றாம் முறை படித்தேன். பக்கம் 88: "ஊழியர் நலன் உரிய முறையில் பரிசீலிக்கப்படும்." அந்த 'உரிய' எதற்கு? வக்கீல்கள் சும்மா ஒரு சொல்லைப் போட மாட்டார்கள். கல்லூரியில் கவிதையை இப்படித்தான் படிக்கப் பழக்கினார்கள். அங்கே மதிப்பெண் கிடைத்தது. இங்கே அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுவைத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா கூப்பிட்டாள். ஏழு முறை. பதினொன்றிலிருந்து மூன்றுக்குள்.

அவள் வேலையிடத்துக்குக் கைபேசி கொண்டுபோகக் கூடாது. அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் அனுமதி வாங்கி வெளியே வந்திருக்கிறாள். எதற்கு? என்ன தெரிந்துவிட்டது? ஆலையை மூடுகிறார்களா? வாங்குகிறவர்கள் பின்வாங்குகிறார்களா?

எடுக்கவில்லை. விதி விதிதான்.

மூன்றே காலுக்குப் பாதியை விற்றேன், 329-க்கு. 'காரணம்' என்ற இடத்தில் 'சந்தை நிலவரம்' என்று எழுதினேன்.

"ஏன்டா பாதிய இறக்கிட்ட?" என்றான் குண்டூசி.

"மனசு சரியில்ல."

"மனசுக்குன்னு நம்ம படிவத்துல கட்டமே கிடையாதே."

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். ஏழு அழைப்புகளைப் பார்த்துத்தான் விற்றேன். அவள் ஒரு சொல் சொல்லவில்லை. அவள் சொல்லாததை விற்றேன்.

மார்ச் 18, புதன்

அத்தான் வந்திருந்தார், அலுவலக வாசலுக்கே. வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு.

"உங்க அக்கா உங்கிட்ட ஒரே ஒரு விஷயம்..."

"அத்தான், இங்க வேணாம்." தலைக்கு மேலே கேமரா.

"சரி, அந்தப் பக்கம் வா."

"எங்கயும் வேணாம். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் பேசிக்கலாம்."

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என்னத்துக்குடா?"

போய்விட்டார். வெள்ளிதான் கெடு. அதற்குள் ஏதோ நடக்கப்போகிறது, அவருக்குத் தெரிந்திருக்கிறது. மிச்சத்தையும் விற்றுவிடலாமா? விரல் பொத்தான்மேலேயே இருந்தது. சார் பார்த்துக்கொண்டிருந்தார். விற்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

ஒன்றுமே நடக்கவில்லை. நூற்றுக்கு எழுபத்து நான்கு பங்கு வந்து சேர்ந்துவிட்டது, பேரம் முடிந்தது. எங்கள் மிச்சப் பாதிக்கு 340. சார் தோளைத் தட்டினார், அதுவும் பாதி வேகத்தில்.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா வீடு.

பங்கை ஒப்படைக்கும் படிவத்தை எடுத்துக் காட்டினாள். கையெழுத்துப் போடும் இடம் காலி.

போனஸுக்குப் பதிலாக வருடாவருடம் கொடுத்த பங்கு, ஆயிரத்து இருநூறு சேர்ந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. 340-க்கு ஒப்படைத்தால் வேலையை விட்டுவிடலாம் என்று கணக்கு. எட்டு மணி நேரம் நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது. டாக்டர் நிற்கவே கூடாது என்றிருக்கிறார்.

"ஒருத்தன் சொல்றான், கையெழுத்து போடறவனதான் மொதல்ல வீட்டுக்கு அனுப்புவாங்கன்னு. இன்னொருத்தன் பொறு, வெலைய ஏத்துவாங்கங்கறான். யார நம்பறது? இதே தொழில்ல தம்பி இருக்கானே, ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு பாத்தேன். போடட்டுமா வேணாமா. அவ்ளோதான்டா."

"அக்கா, போடுன்னு..."

"நீ எடுக்கல. அவர் வந்தப்பவும் வாயத் தெறக்க விடல. சரி, அவனால வாய்விட்டுச் சொல்ல முடியல, வேணாங்கறான்னு நெனச்சுக்கிட்டேன்."

அத்தான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

மார்ச் 23, திங்கள்

சந்தை திறந்ததும் 244. இனி அந்தப் பங்கை வாங்க யாருக்கும் அவசரமில்லை. வேண்டியது அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

மார்ச் 25, புதன்

அதிகாரி அம்மாவிடம் அக்கா விஷயத்தைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"போடலாமா வேணாமான்னுதானே கேக்க வந்தாங்க? அறிவிப்புல இருக்கறதுதானே எல்லாம். எங்கிட்ட வந்திருந்தா நானே அவங்களுக்கு போன் பண்ணி விளக்கியிருப்பேனே தம்பி. எதுக்கு இப்படிப் பயந்தீங்க?"

பாதியை ஏன் விற்றேன் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்காமல் விட்டது ஏன்?

நிறுத்து. போதும்.

ஏப்ரல் 2, வியாழன்

ஏழு முறை கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை. வேலையில் இருப்பாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அக்கா எடுத்தாள். சாப்பிட்டாயா, தூங்குகிறாயா, எல்லாம் கேட்டாள்.

"புது முதலாளி எப்படிக்கா?"

கொஞ்சம் யோசித்தாள். "அத உங்கிட்ட சொல்லலாமாடா?"

குத்தலா என்று குரலைத் துழாவினேன். இல்லை. நிஜமாகவே கேட்கிறாள்.

"சொல்லலாம்கா. இப்ப என்ன வேணா சொல்லலாம்."

"இருக்கட்டும், எதுக்கு வம்பு. இந்தா, அத்தான்கிட்ட பேசு."

காலை ஷிப்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்களாம், அத்தான் சொன்னார். நிற்கிற வேலைதான். பிறகு அங்கே மழையா என்று கேட்டார். இல்லை என்றேன். இங்கேயும் இல்லை என்றார். பெய்யாத மழையைப் பற்றி நான்கு நிமிடம் பேசினோம்.