தையல் வகுப்பில் சேர்ந்த பையன்கள்

அஸ்தானா

அன்புள்ள அம்மாவுக்கு சலாம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

பள்ளிக் கணினியில் வகுப்புகளைத் திறப்பதும் பிள்ளைகளைச் சேர்ப்பதும் என் வேலைதானே. போன வாரம் சதுரங்கம் கேட்ட பையன்களைக் கைதவறித் தையலில் சேர்த்துவிட்டேன். ஆளில்லாமல் மூடவிருந்த வகுப்பு அது. மாற்றப் போனால், எல்லாரும் காலணிப் பை தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“இந்தப் பை முடியட்டும் அக்கா, அப்புறம் மாத்துங்க” என்றான் ஒருவன்.

தையல் ஆசிரியை ரௌஷன் என் காதருகே, “பெரிய பையாத்தான் வெட்டிக் குடுத்திருக்கேன், பெகிமாய்” என்றார்.

வகுப்பும் பிழைத்தது, அவர் வேலையும் பிழைத்தது. சாயங்காலம் நானும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன். அறைக்குப் போய்த்தான் என்ன செய்ய? தைத்துப் பழக அப்பாவின் கிழிந்த சட்டை ஒன்று வேண்டும். மணி அடிக்கிறது, ஓடுகிறேன். சட்டையைத் துவைக்காமலே அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
பெகிமாய்