பாட்டில்லாத தவக்காலம்

இயேசு மரி சூசை துணை

கடலூர் முதுநகர்
மார்ச் 9

அன்பு மகள் மேரி ஷாலினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். கவுகாத்தியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஜெபமாலை உருட்டும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

நீ போன் எடுத்துப் பதினோரு நாள் ஆகிறது பாப்பா, காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். லீவுக்கு வந்த உன் ரூம்மேட் வெண்மதி நாளை ரயில் ஏறுகிறாள் என்று தெரிந்து, காலையில் கருவாட்டுப் பொடியோடு சிதம்பரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, ஆன்ட்டி, போன தடவ இதத் தொறந்ததுக்கு எங்க ஹாஸ்டல் மாடியே காலியாயிடுச்சு, திரும்பவுமா என்று சிரித்தாள். அந்தத் தைரியத்தில் உன்னைப் பற்றிக் கேட்டேன். அப்புறம் அவள் சிரிக்கவில்லை. படபடப்பும் மனச்சோர்வும் உள்ள பிள்ளைகளை யுனிவர்சிட்டி டாக்டரம்மா வாரம் இரண்டு நாள் உட்காரவைத்துப் பாட்டுக் கேட்கச் சொல்கிறார்களாம், நீ அங்கே கீபோர்டு வாசித்தாயாம், அதற்கப்புறம்தான் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாயாம். திருநீற்றுப் புதன்லேர்ந்து அவ போறதே இல்ல ஆன்ட்டி, கேட்டா எங்கம்மா நேர்ச்ச, ஈஸ்டர் வரைக்கும் பாட்டு கூடாதுன்றா, கிளாசுக்கும் வர்றதில்ல, செவுத்தப் பாத்துப் படுத்திருக்கா என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மனசு சரியில்லை என்று நீ ஜனவரியில் சொன்னதற்குத்தான், தவக்காலம் நாற்பது நாளும் நாம் பாட்டே கேட்பதில்லை என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டு உன்னையும் அப்படியே இருக்கச் சொன்னேன். பாட்டுதான் உனக்கு அங்கே வைத்தியம் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாத்திரை என்றால் நிறுத்தச் சொல்லியிருப்பேனா. நேர்ச்சையை விடலாமா என்று பங்குச் சாமியாரைக் கேட்க கோயில் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். நேர்ந்தது நான், உன்னைக் கேட்காமல். அது என்னோடு போகட்டும், உன் நாட்களையும் சேர்த்து நானே பாட்டில்லாமல் இருந்துகொள்கிறேன். அப்பா நெய்வேலியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறார், மற்ற நாளில் வீட்டில் குக்கர் சத்தத்தை விட்டால் வேறு சத்தமில்லை. எனக்கு அது பழகிப்போனது.

தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. மாதா உன் தலைமாட்டிலேயே இருக்கட்டும். சனிக்கிழமை அந்தப் பாட்டு வகுப்புக்கு மறக்காமல் போ. என்னோடு பேசத் தோன்றாவிட்டால் பேச வேண்டாம், நீ வாசிப்பதை வெண்மதி ரெக்கார்டு பண்ணி அனுப்பட்டும். ஈஸ்டர் வரை நான் அதைத் திறக்க மாட்டேன். வந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சவரிமேரி