அரை விரல் உயர்ந்த வண்டி

12-5-1974, ஞாயிறு

கல்லாறு போய் வந்தோம். மகள் உலகம்மைக்கு ஒன்பதாம் மாதம். மருமகன் தாணு அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டுக்கு ஆற்றைக் கடந்துதான் போக வேண்டும். பாலம் கிடையாது, தண்ணீர் மட்டத்தை ஒட்டிக் கல் பாவிய சப்பாத்துதான். கல்லெல்லாம் பெயர்ந்து கிடக்கிறது. நம் பியட் அதில் இறங்கியபோது அடிவயிறு கல்லில் உரசி ஒரு சத்தம் வந்தது பார் — வண்டிக்கு வலித்ததோ என்னவோ, எனக்கு வலித்தது.

ஓட்டியவள் என் வீட்டுக்காரி செண்பகம். போன வருஷம் கடையில் மல்லி மூட்டை விழுந்து என் இடது காலுக்கு வலு போனதிலிருந்து கிளச்சு மிதிப்பது அவள் கால்தான். நாற்பத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்தவள். எங்கள் ஆரியசாலைத் தெருவில் இன்னும் சிலர் கடையை விட்டு இறங்கி வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன், பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு.

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெண்ணை நடக்கவிடக் கூடாது, வண்டியில் குலுங்கவும் கூடாது. மழை வலுத்தால் சப்பாத்து முழுகிவிடும், அதற்கு முன் பிரசவத்துக்குக் கூட்டி வந்தாக வேண்டும். எப்படி?

திரும்பி வரும்போது, டிரைவரம்மா மௌன விரதமா என்று செண்பகத்திடம் கேட்டேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் குனிந்து டயரைப் பார்த்தாள்.

13-5, திங்கள்

சாலைக் கடைத்தெருவில் திரவியத்தின் டயர் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். டயர் நாலும் எப்படியும் வழுக்கையாகிவிட்டது. புதுசு போடத்தான் என்று நினைத்தேன். அவளோ, இதே சக்கரத்தில் ஏறுகிற இன்னும் பெரிய டயர் உண்டா என்று கேட்டாள்.

திரவியத்துக்கு முகம் மாறிவிட்டது.

"அக்கா, கம்பெனிக்காரன் அஞ்சு இருபதுன்னு அளவு போட்டது சும்மாவா? அஞ்சு அறுபது போட்டா ஸ்டியரிங் கனக்கும். ஏத்தத்தில வண்டி இளைக்கும்."

"கம்பெனிக்காரன் மவ கல்லாத்திலயா இருக்கா?" என்றாள்.

எவ்வளவு உயரும் என்று நான் கேட்டேன். அரை விரல் என்றான் திரவியம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரை விரலுக்கா இந்தப் பாடு?

செண்பகம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நேத்து தாணு வீட்டு நிலையில தலைய இடிச்சியளே. எத்தன விரல் இடம் இல்லாம தட்டிச்சு?"

நெற்றியைத் தடவிக்கொண்டேன். வீக்கம் இன்னும் வற்றவில்லை.

16-5, வியாழன்

டயர் மாட்டியாச்சு, ஸ்டெப்னியோடு ஐந்தும். வழக்கம்போல் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். டயருக்குத் தக்க பெரிய பழமாக வாங்கியிருக்கலாமே என்றேன். வண்டியைப் பார்த்தால் அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி நிற்கிறது.

19-5, ஞாயிறு

சோதனை ஓட்டம். நாங்கள் இரண்டு பேர் மட்டும். சப்பாத்து வந்ததும், இறங்கிக் கரையில் உட்கார்ந்து அடியில் பாருங்கள் என்றாள். குந்தினேன். வண்டி மெதுவாகக் கல்மேல் ஏறியது. வயிற்றுக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது! கொஞ்சம்தான். ஆனால் தெரிந்தது.

திரவியம் சொன்னது பொய்யில்லை. திருப்பத்தில் ஸ்டியரிங்கை இழுத்துப் பிடிக்கிறாள், ஏற்றத்தில் முன்னாலேயே செகண்டு கியர் போட்டுவிடுகிறாள். ஆனால் பள்ளத்தில் மெத்தென்று இறங்குகிறது. இவளுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் இல்லை. பதினாறு வருஷம் ஓட்டியும் என் வண்டிக்கு என்ன டயர் என்று எனக்குத் தெரியாது.

20-5, திங்கள்

மிளகாய் வாங்க வந்தவர்களிடமெல்லாம் டயர் அளவு சொன்னேன். கேட்காதவர்களிடமும்.

26-5, ஞாயிறு

எழுதாமல் தூக்கம் வராது.

கட்டுச்சோறு கொண்டுபோய்ப் பெண்ணை அழைக்கும்போது பெண்கள் ஒற்றைப்படையில் போக வேண்டும். என் அக்கா பேச்சி போட்ட கணக்கில் ஐந்து பேர். அக்காவும் அவள் கூட்டி வந்த மூன்று பேரும் யாரும் மெலிந்தவர்கள் இல்லை. ஐந்தாவது செண்பகம். பிறகு நான், டிக்கி நிறையப் புளியோதரையும் தயிர்ச்சோறும். நெடுமங்காடு தாண்டி முதல் வளைவில் பின்பக்கம் கிர்ரென்று அரைத்தது. ரப்பர் கருகும் நாற்றம்.

அக்கா ஆரம்பித்துவிட்டாள். அளவு மாற்றிப் போட்டது ஆகாது, பொம்பளை பேச்சைக் கேட்டு நான் கெட்டேன் என்று. செண்பகம் வண்டியை ஓரங்கட்டி, குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. நிமிர்ந்தாள்.

"சோறு கார்ல வரட்டும். ஆளு பஸ்ல வரட்டும்."

"ஏட்டி, நாங்க இறங்கினா ஒத்தப்படைக்கு எங்க போவ?"

"மதினி, நான் ஒருத்தி போறேன். ஒண்ணு ஒத்தப்படைதானே?"

அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். நான் சிரித்தேன். அதற்கும் சேர்த்து என்னையும் இறக்கிவிட்டாள்.

பஸ் வரத் தாமதம். கல்லாற்றில் நாங்கள் இறங்கும்போது மழை பிடித்துவிட்டது. அந்த நாலு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் பின்னால் நடந்து வந்தார்கள். ஆற்றங்கரைக்கு வந்து பார்த்தால் — அக்கரையிலிருந்து வண்டி சப்பாத்தில் இறங்குகிறது. கல்மேல் தண்ணீர் ஓடுகிறது. மருமகன் முழங்கால் நனைய முன்னால் நடந்து கல்லைக் காட்டுகிறார். பின் சீட்டில் தலையணைக்கு நடுவே என் பிள்ளை.

அந்தச் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டே நின்றேன். கடவுளே, வந்துவிடக் கூடாது, வந்துவிடக் கூடாது — வரவில்லை. இந்தக் கரை ஏறும்வரை வரவில்லை.

அக்கா என் கையைப் பிடித்திருந்தாள், எப்போது பிடித்தாளோ. "ஏலே லிங்கம், அவ கண்ணு இமைக்கலியே" என்றாள்.

எங்களுக்கு மறுபடியும் பஸ்தான். செண்பகம் வண்டியிலிருந்து நீட்டிய பொட்டலத்தைப் பிரித்து, நனைந்துகொண்டு கட்டுச்சோறு தின்றேன். ருசி.

27-5, திங்கள்

வெறும் வண்டியில் சோதித்துவிட்டு நிறைந்த வண்டியில் போயிருக்கிறோம். நம் வீட்டு வண்டி என்றைக்கு வெறுமையாக இருந்தது? வலியசாலைக் கோயிலுக்குப் போனாலே எட்டுப் பேர். இது யாருக்கும் தோன்றவில்லை, செண்பகத்துக்கும்தான். அதை அவளே திரவியத்திடம் சொன்னாள். பழைய அளவுக்கே மாற்றித் தரட்டுமா என்று கேட்டான்.

"டயர் இருக்கட்டும். ஆளைக் கொறைச்சுக்கிடுதோம்."

14-6, வெள்ளி

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். விடிகாலையில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவளும் செண்பகம். வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் அழுதாள். நான் கேலி பண்ணவில்லை.

15-9, ஞாயிறு

பிள்ளையையும் தாயையும் கல்லாற்றில் கொண்டுபோய் விட்டோம். 'விட்டோம்' என்று எழுதுகிறேனே தவிர, விட்டவள் ஒருத்தி. பின் சீட்டில் உலகம்மை, மடியில் குழந்தை, டிக்கியில் தொட்டிலும் சீர்ப் பாத்திரமும். எனக்கு இடம் உண்டா என்று கேட்டேன். செண்பகம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கடைத் தராசில் ஏறி நிறுத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், யாரும் சொல்லாமலே பேச்சி அக்கா பையோடு அங்கே நிற்கிறாள். எனக்கும் இடம் பிடித்து வைத்தாள்.

விதுரை தாண்டியதும் ஓர் ஏற்றத்தில் பஸ் நம் வண்டிக்குப் பின்னால் வந்துவிட்டது. பியட் செகண்டு கியரில் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் இருந்த மனிதர் எட்டிப் பார்த்து, "ஒரு ஸ்த்ரீ அல்லே ஓடிக்குன்னது?" ஒரு பெண்ணல்லவா ஓட்டுவது என்று மலையாளத்தில் ஆச்சரியப்பட்டார்.

பெருமையாகச் சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"எங்க செம்பகமாக்கும். டயரு அஞ்சு அறுபது."